பள்ளிக்கூட கேட்டில் ஒரு 'புஜ்ஜி'

கேள்வி:

எனக்கு 36 வயது. காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். பிறந்த ஊர் அரூர் பக்கம். கணவர் வீடு பர்கூர் பக்கம். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அவருக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை. கல்யாணமாகி 11 வருடம். நல்ல மனிதர். குடி கிடையாது, கை நீட்டியதும் கிடையாது. ஆனால் கல்யாணமான மறுமாதத்திலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'புஜ்ஜி', 'புஜ்ஜிம்மா'தான். சொந்தக்காரர் கல்யாணம், ரேஷன் கடை, பேங்க், எங்கே போனாலும் அதே.

போன மாதம் பள்ளிக்கூட கேட்டில் என்னை இறக்கிவிட்டுப் போனவர் திரும்பி வந்து, "புஜ்ஜீ, டிபன் பாக்ஸ்!" என்று கத்தினார். பத்தாம் வகுப்புப் பையன்கள் அங்கேதான் நின்றார்கள். மறுநாள் கரும்பலகை மூலையில் சாக்பீஸால் 'புஜ்ஜி' என்று எழுதியிருந்தது. துடைத்துவிட்டுப் பாடம் நடத்தினேன். கை நடுங்கியது. வீட்டில் சொன்னால், "இதுக்கெல்லாமா கோவிச்சுக்குவா என் புஜ்ஜி" என்று சிரிக்கிறார். எதைக் கேட்டாலும் இப்படித்தான். தோப்புக் குத்தகைப் பணம் என்ன ஆயிற்று என்று கேட்டால்கூட, "புஜ்ஜிக்கு எதுக்கு இந்தக் கணக்கெல்லாம்" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்.

மாமியாரோ, "உங்க மாமனாரு என்னை நாப்பது வருசமா 'ஏய்'னுதான் கூப்பிட்டாரு. உனக்கு இது கசக்குதா?" என்கிறார். கூட வேலை பார்க்கிறவர்கள், கொடுத்து வைத்தவள் என்கிறார்கள். என் பையனுக்கு 9 வயது. அவனே, "ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி சிட்டுக்குட்டின்னு கூப்பிடாதம்மா" என்று சொல்லிவிட்டான், நானும் விட்டுவிட்டேன். எனக்கு மட்டும் ஏன் சொல்லத் தெரியவில்லை? அன்பாகக் கூப்பிடுவதை வெறுக்கிற என்னிடம்தான் ஏதாவது கோளாறா?

பதில்:

'அன்புத் தங்கைக்கு' என்று தொடங்கினேன். எழுதிய பிறகுதான் உறைத்தது, யாரைக் கேட்டு இந்தத் 'தங்கை'? இத்தனை வருடமாக வருகிற கடிதங்களுக்கெல்லாம் இப்படித்தான் தொடங்கிக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதத்தில் நீங்களே உங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் 'கணக்கு டீச்சர்' ஒன்றுதான். அதையே நானும் எடுத்துக்கொள்கிறேன்.

டீச்சர், உங்களிடம் கோளாறு எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நீங்கள் நிதானமாகப் படிக்கலாம்.

ஒரு சொல்லுக்குப் போய்க் கை நடுங்குமா என்று உங்களுக்கே கூச்சமாக இருக்கிறது போல. நடுங்கும். நாலரை மாதக் குழந்தைக்கே தன் பெயரின் ஓசை அடையாளம் தெரிந்துவிடுகிறது. 1959ல் நெவில் மோரே என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். இரண்டு காதிலும் வேறு வேறு பேச்சை ஒலிக்கவிட்டு, ஒரு காதில் விழுவதை மட்டும் கவனித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். மற்றக் காதில் என்ன ஓடியது என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்தக் காதில் அவரவர் பெயர் வந்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அதைப் பிடித்துவிட்டார்கள். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில், ஓசூர் ஓசூர் என்று கண்டக்டர்கள் கத்துகிற கத்தலுக்கு நடுவிலும் யாரோ நம் பெயரைச் சொன்னால் தலை தானாகத் திரும்புகிறதே, அதுதான் இது. பதினோரு வருடம் கேட்டுக் கேட்டு 'புஜ்ஜி'யும் உங்கள் காதுக்குப் பெயராகிவிட்டது. படுக்கையறைப் பெயர் ஒன்று நாற்பது பையன்கள் முன்னால் கரும்பலகையில் ஏறினால் யாருக்கும் கை நடுங்கும்.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வசதி, நாலு பாஷையில் கொஞ்சலாம். தெலுங்கு வீட்டில் 'புஜ்ஜி'. தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் கன்னட வீடுகளில் 'புட்டி', 'மரி'. உருது பேசுகிற வீட்டில் 'முன்னி'. நமக்கு 'குட்டி'. நாலுக்கும் பொருள் ஏறத்தாழ ஒன்றே: சின்னது. பர்கூர் வீட்டில் ஆட்டுக்குட்டியும் புஜ்ஜிதான், கடைசிப் பெண்ணும் புஜ்ஜிதான். அவளுக்கு ஐம்பது வயதானாலும் அதே பெயரில் கூப்பிடுவார்கள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உங்கள் கணவருக்கு அது வீட்டுத் திண்ணையில் கிடக்கிற சொல். அரூரிலிருந்து வந்த உங்கள் காதுக்கு அது டிவி சீரியலில் வருகிற கொஞ்சல். பள்ளிக்கூடப் பையன்களுக்கும் அப்படித்தான் கேட்டிருக்கும். அவர் சொல்வதும் நீங்கள் கேட்பதும் ஒரே எழுத்து, வேறு வேறு சொல். அவர் கேட்டில் கத்தியதில் கேலி இருந்திருக்காது என்று நான் நம்ப இது ஒரு காரணம்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறீர்களா? நம் பாட்டிமார் கொஞ்சும்போது சின்னதைப் பெரிதாக்கினார்கள். கைக்குழந்தையை 'ராசா' என்றார்கள், 'சாமி' என்றார்கள். இடுப்பில் தூக்கி வைத்திருக்கிற பெண் குழந்தையை 'அம்மா', 'தாயி' என்றார்கள். என்னைப் பெத்தவளே என்று பேத்தியைப் பார்த்துச் சொல்லுவார் என் பாட்டி. மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த வீட்டில் அம்மா ஸ்தானம்! இப்போது தலைகீழ். முப்பத்தாறு வயது, பி.எட். முடித்து, வருடா வருடம் நூறு பிள்ளைகளைப் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்கு அனுப்புகிற பெண், 'புஜ்ஜி'. பெரிதைச் சின்னதாக்குகிற கொஞ்சல் இது. தப்பென்று சொல்ல மாட்டேன். நாள் முழுக்கப் பெரிய மனுஷியாக நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், கொஞ்ச நேரம் சின்னவளாக இருக்க யாருக்கும் ஆசைதான். எனக்கும் உண்டு. ஆனால் எப்போது சின்னவளாவது என்பதை நாம் முடிவு செய்ய வேண்டும், வண்டியிலிருந்து இறக்கிவிடுகிறவர் முடிவு செய்யக் கூடாது.

நம் பக்கத்தில் பெண் பிள்ளைகளைப் 'பாப்பா' என்று கூப்பிடுவது வழக்கம். உங்கள் அப்பாவும் கூப்பிட்டிருப்பார், இன்னும் கூப்பிடலாம். அது உறுத்தாது. அவர் உங்களை நிஜமாகவே பாப்பாவாகப் பார்த்தவர். அந்தப் பெயருக்குள் ஒரு தொட்டில் இருக்கிறது. கணவர் உங்களைப் பார்த்தபோது உங்களுக்கு வயது 25.

அவர் அன்பாகத்தானே சொல்கிறார் என்று எல்லோரும் உங்களை மடக்குகிறார்கள். இதற்குத் தகடூர்க்காரர்களிடமே, அதாவது நம் பழைய தருமபுரிக்காரர்களிடமே, பதில் ஒன்று உண்டு. அதியமான் நெடுமான் அஞ்சியைப் பார்த்து ஔவையார் பாடிய புறப்பாட்டு ஒன்றில் மழலையைப் பற்றிச் சொல்கிறார்: அது யாழோடு ஒத்துப்போகாது, காலத்தோடு பொருந்தாது, பொருளும் விளங்காது, ஆனாலும் பெற்ற தகப்பனுக்கு அருள் சுரக்கும். என் பேச்சும் அப்படித்தான், நீ அருளுகிறாய் என்று முடிக்கிறார். நெல்லிக்கனி கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள், எனக்கு இந்தப் பாட்டுதான் பிடிக்கும். மழலைக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது பாருங்கள். பேசுகிற பிள்ளையின் எண்ணத்தை ஔவை அளக்கவே இல்லை. கேட்கிறவர் மனசில் என்ன சுரக்கிறது என்றுதான் பார்க்கிறார். செல்லப்பெயரும் பொருள் இல்லாத சொல்தான். உங்களுக்கு அருள் சுரக்கவில்லை என்றால், அவர் மனசில் எத்தனை படி அன்பிருந்தும் அந்த இடத்தில் அது வெறும் சத்தம்.

ஆனால் கணவர் பக்கமும் கொஞ்சம் பேசியாக வேண்டும். அமெரிக்காவில் புரூஸ், பியர்சன் என்ற இருவர் 154 தம்பதிகளிடம் இந்த மாதிரி வீட்டுக்குள் புழங்கும் சொற்களைப் பற்றி விசாரித்து 1993ல் எழுதினார்கள். செல்லப்பெயர், இருவருக்கு மட்டும் புரிகிற கிண்டல், சாடைச் சொல் எல்லாம் சேர்த்துத்தான். திருப்தியாக வாழ்கிறவர்களிடம் இவை கூடுதலாக இருந்தன. கல்யாணமான புதிதில்தான் அதிகம், வருடம் ஏற ஏறக் குறைந்திருந்தன. பதினோராம் வருடத்திலும் உங்கள் வீட்டில் ஒன்று உயிரோடிருக்கிறது. அதனால் 'இனி அப்படிக் கூப்பிடவே கூடாது' என்று அடியோடு வெட்டுவதற்கு முன், உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: வீட்டுக்குள், யாரும் இல்லாதபோது, அந்தச் சொல் பிடிக்குமா பிடிக்காதா? கடிதத்தில் நீங்கள் அதைச் சொல்லவில்லை. கல்யாண வீடு, ரேஷன் கடை, பேங்க், பள்ளிக்கூடம் என்று வெளியிடங்களைத்தான் வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்குள்ளும் பிடிக்காது என்றால் அதையும் தாராளமாகச் சொல்லலாம். பிடிக்கும் என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வேலை செய்கிற பெண்கள் இதைப் படித்துக் குழம்ப வேண்டாம் என்பதற்காக நடுவில் ஒரு வார்த்தை. இதே 'பாப்பா'வும் 'செல்ல'மும் ஓசூரில் ஒரு சூப்பர்வைசர் வாயிலிருந்து வந்தால் கதையே வேறு. அங்கே புருஷன் பெண்டாட்டி சமாதானம் எதுவும் பொருந்தாது. விரும்பாத பாலியல் சாயல் கொண்ட பேச்சும், வேலையிடத்தில் பெண்களைப் பாதுகாக்கும் 2013ஆம் வருடச் சட்டத்தின்படி பாலியல் துன்புறுத்தல்தான். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் புகார் கேட்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். அங்கே எழுத்தில் கொடுங்கள்.

டீச்சர், உங்கள் மாமியாரிடம் கோபப்படாதீர்கள். 2004ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்பிருந்தே தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் அலைந்துகொண்டிருக்கிறேன். அந்தத் தலைமுறைப் பெண்களிடம் பெயர் கேட்டுக் குறித்தாலே ஒரு கதை வரும். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தது என்று 'போதும்பொண்ணு' என்று பெயர் வைத்திருப்பார்கள். பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கி, 2001ல் தருமபுரிக்கும் கொண்டுவர வேண்டியிருந்த மண் இது. கல்யாணமான அன்றே பெண்ணின் பெயர் போய்விடும்; 'ஏய்', 'இந்தா', பிள்ளை பிறந்த பிறகு 'பெரியவன் அம்மா'. மாமனார் பெயரைப் பேரனுக்கு வைத்துவிட்டு, அதை வாயால் சொல்லக் கூடாது என்பதால் பேரனையே 'சாமி' என்று சுற்றி வளைத்துக் கூப்பிட்ட பெண்கள். 'உனக்கு இது கசக்குதா' என்று அவர் கேட்டதில் அதட்டலை மட்டும் கேட்காதீர்கள். நாற்பது வருடப் பசி இருக்கிறது அதில். ஒரு நாள் சும்மா இருக்கும்போது, பிறந்த வீட்டில் உங்களை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் அத்தை என்று கேட்டுப் பாருங்கள்.

இப்போது நான் முதலில் எழுதியிருக்க வேண்டிய விஷயம். கரும்பலகைச் சம்பவத்துக்கு ஆறு வரி எழுதியிருக்கிறீர்கள், தோப்புக் குத்தகைக்கு ஒரு வரி. என் கண் அந்த ஒரு வரியில்தான் நின்றது. கணக்கு டீச்சரைப் பார்த்து, "புஜ்ஜிக்கு எதுக்கு இந்தக் கணக்கெல்லாம்." படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு சிரிப்பு வரவில்லை.

முன்பு ஒரு தம்பதி என்னிடம் ஆலோசனைக்கு வந்தார்கள். அவர் மனைவியைத் 'தங்கம்' என்றுதான் அழைப்பார். என் எதிரிலும் தங்கம், தங்கம். அந்தம்மா வாயே திறக்கவில்லை. அவரை வெளியே உட்காரச் சொன்ன பிறகு அந்தம்மா சொன்னார்: "என் கழுத்துல காதுல இருந்த தங்கம் எல்லாம் அடகுக் கடையில இருக்குங்க. கேட்டா, நீயே தங்கம்தானே, உனக்கெதுக்கு நகைங்கறாரு." உங்கள் கணவரை அந்த மனிதரோடு சேர்க்கவில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் செல்லப்பெயர் செய்கிற வேலை ஒன்று. கேள்வி வருகிற நேரத்தில் கதவைச் சாத்துகிறது. அதட்டிச் சாத்தியிருந்தால் நீங்கள் சண்டை போட்டிருப்பீர்கள். கொஞ்சிச் சாத்துகிறபோது எங்கே தட்டுவது என்றே தெரிவதில்லை. கன்னத்தைத் தட்டியவரிடம் எப்படிக் கோபப்படுவது? பதினோரு வருடமாகச் சேர்ந்த இந்தக் கோபம் உங்களுக்கே தெரியாமல் 'புஜ்ஜி'யின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். கரும்பலகையைத் துடைத்த அன்று நடுங்கிய கையில் பாதி நடுக்கம் குத்தகைப் பணத்துடையது.

ஆகவே பேச வேண்டியது இரண்டு பேச்சு. ஒரே நாளில் இரண்டையும் பேசாதீர்கள், கலந்தால் அவர் எளிதான ஒன்றைப் பிடித்துக்கொண்டு, "சரி, இனிமே புஜ்ஜின்னு கூப்பிடல, போதுமா?" என்று எழுந்துவிடுவார்.

பெயர்ப் பேச்சு முதலில். நைட் ஷிப்ட் முடித்து வந்த காலையில் வேண்டாம், அத்தை எதிரில் வேண்டாம், அவர் புஜ்ஜி என்று கூப்பிட்ட அந்த நிமிடத்திலும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரி பக்கத்துக் கே.ஆர்.பி. அணைக்குப் போங்கள். பையனுக்கு மீன் வறுவல் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, இருவரும் கொஞ்ச தூரம் நடங்கள். எதிரெதிரே உட்கார்ந்து முகம் பார்த்துச் சொன்னால் நம் ஆண்களுக்கு விசாரணை மாதிரி இருக்கிறது. பக்கத்தில் நடந்துகொண்டே சொன்னால் காதில் ஏறுகிறது. இது ஆராய்ச்சி இல்லை, என் அனுபவம். முதலில் அந்தப் பெயர் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். யாரை அப்படிக் கூப்பிட்டு வளர்ந்தார் என்று தெரிந்தால் உங்களுக்கே கொஞ்சம் இளகும். பிறகு உங்கள் பேச்சில் சொல்லுங்கள், ஏறக்குறைய இப்படி: "வீட்டுக்குள்ள நீங்க எப்படிக் கூப்பிட்டாலும் சரிங்க. பள்ளிக்கூடத்துகிட்ட மட்டும் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. அங்க நான் டீச்சர். பசங்க முன்னாடி அந்தப் பேரு விழுந்தா மறுநாள் அவங்க முன்னாடி என்னால நிக்க முடியல." வீட்டுக்குள்ளும் வேண்டாம் என்றால் முதல் வாக்கியத்தை மாற்றிக்கொள்ளுங்கள். பிடிக்காத சொல்லை எடுக்கும்போது பிடித்த ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவது நல்லது. வெறும் கையோடு நிற்கிறவர் பழையதையே எடுத்துக்கொள்வார்.

அவர் முகம் வாடும். 'அப்ப இத்தனை வருசமா பிடிக்காமத்தான் இருந்தியா' என்பார். பரிதாபப்பட்டு 'அப்படியெல்லாம் இல்லை' என்று பின்வாங்கிவிடாதீர்கள், அங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். வாடட்டும், இரண்டு நாளில் தேறிவிடுவார். வாய் தவறி ஒரு மாதம் புஜ்ஜி வந்துகொண்டுதான் இருக்கும்; கண்ணைக் காட்டினால் போதும். தெரிந்த பிறகும் வேண்டுமென்றே, நாலு பேர் எதிரில், ராகம் போட்டுக் கூப்பிட்டால் அது செல்லம் இல்லை, சீண்டல். அப்போது இருவருமாக ஓர் ஆலோசகரைப் பார்ப்பது நல்லது. வர மாட்டேன் என்றால் நீங்கள் மட்டுமாவது போங்கள்.

அடுத்த வாரம் கணக்குப் பேச்சு. நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டே உட்காருங்கள். எத்தனை மரம், பூப் பார்த்து யார் குத்தகை பேசியது, எவ்வளவுக்கு, அட்வான்ஸ் எவ்வளவு, மீதி எப்போது வந்தது, எந்தக் கணக்கில் போட்டார். "புஜ்ஜிக்கு எதுக்கு" என்று கன்னத்துக்குக் கை வரும். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, குரல் உயர்த்தாமல், "புஜ்ஜிக்கு வேண்டாங்க. எனக்கு வேணும்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். அந்த மௌனத்தை நீங்கள் நிரப்ப வேண்டாம்.

சாக்பீஸ் விஷயத்துக்கு அதிக யோசனை தேவையில்லை. எழுதியவன் யார் என்று தேடாதீர்கள், ஹெச்.எம்.மிடம் கொண்டுபோகாதீர்கள். எங்கள் பூகோள டீச்சரை நாங்கள் 'அட்லஸ்' என்போம். அவருக்குத் தெரியும் என்று எங்களுக்கும் தெரியும். அவர் ஒன்றுமே சொல்லாததில் எங்களுக்கே அலுத்துப்போய்விட்டது. துடைத்துவிட்டுப் பாடம் நடத்தினீர்களே, அதற்கு மேல் செய்ய அங்கே ஒன்றுமில்லை.

எனக்கு மட்டும் ஏன் சொல்லத் தெரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பையனுக்குத் தெரிந்தது, ஏனென்றால் அவன் சொன்னால் நீங்கள் கேட்பீர்கள் என்று அவனுக்குத் தெரியும். 'அப்படிக் கூப்பிடாதம்மா' என்றபோது நீங்கள் சிரித்துக் கன்னத்தைத் தட்டவில்லை, விட்டுவிட்டீர்கள். வேண்டுமானால் அணைக்கரையில் நடக்கும்போது இந்தக் கதையிலிருந்தே பேச்சைத் தொடங்குங்கள், அவருக்கும் மகன் கதை என்றால் காது நீளும்.

மறுபடி எனக்கு எழுதுங்கள். பெயர் என்ன ஆயிற்று என்று தனியாக எழுத வேண்டாம். இந்த வருடக் குத்தகை எவ்வளவு என்று மட்டும் எழுதுங்கள், டீச்சர். மீதி எனக்கு அதிலேயே தெரிந்துவிடும்.